பல்கீஸ் மஞ்சளான கதை

கிண்ணியாத் துறையில் நின்று அலியாரின் வீடு எது என்று கேட்டால், எந்த அலியார், அந்த வாய்க்காரனா என்று திருப்பிக் கேட்பார்கள். ஊரில் அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள். ஆனால் காற்று விழுந்துபோனால் தோணியில் எழும்பி நின்று காற்றையே ஏசுகிற அலியார் ஒருவர்தான். பாய் தைத்தவனோடு கோபம், கயிறு திரித்தவனோடு கோபம், குடாவுக்குள் குறுக்கே வருகிற கடற்படை லோஞ்சுப் படகோடு கோபம். கை மட்டும் ஒருநாளும் நீளாது. ஏசி முடித்த கையோடு வெற்றிலையை எடுத்து நீட்டி, போடு என்பார். அதனால் ஊரும் அவரைச் சகித்துக்கொண்டது.

விறகும் மரக்கறியும் ஏற்றிக்கொண்டு குடாவுக்கு அக்கரையில் துறைமுகம் இருக்கிற பட்டினத்துக்குப் போய்வருவதுதான் தொழில். வாப்பா ஓட்டிய தோணி, வாப்பா பிடித்த சுக்கான். அப்படிப்பட்ட அலியாரின் வாய் ஒரு காலம் அடங்கிக் கிடந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

யப்பான்காரன் வந்து துறைமுகத்தில் குண்டு போட்ட வருசம் அது. சீனன்குடாப் பக்கம் எண்ணெய் எரிந்து வானம் கறுத்ததைக் கண்ட சனத்தில் பாதி, பாயையும் சட்டியையும் தலையில் ஏற்றிக்கொண்டு காட்டோரத்துக்கு ஓடியது. அலியாரும் ஓடினார். மனைவி ஜெஸீமா, மூத்தவன் கலீல், சின்னவள் பல்கீஸ் எல்லாரையும் கூட்டிக்கொண்டு, தம்பலகாமத்துக்கும் அங்கால் ஒரு குளக்கட்டுக்குக் கீழே கொட்டில் போட்டார். தண்ணீர் பக்கத்தில், விறகு பக்கத்தில், குண்டு தூரத்தில். நல்ல இடம் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டார்.

குண்டு வரவில்லை. இரவெல்லாம் காதடியில் இரைந்து கடிக்கிற நுளம்புதான் வந்தது. மழை பிடித்ததும் நடுக்கல் காய்ச்சல் கொட்டில் கொட்டிலாகப் புகுந்தது. முதலில் பல் கிட்டுகிற குளிர். பிறகு அடுப்பில் கை வைத்ததுபோலச் சூடு. பிறகு பாய் நனைய வியர்வை. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காததுபோல எழும்பி இருந்து சோறு கேட்பார்கள். அதற்கும் அடுத்த நாள் மறுபடி பிடித்து ஆட்டும். காட்டோரத்துக்கு ஓடிய சனத்தில் காய்ச்சல் காணாத வீடு இல்லை. செத்தவரின் மையித்தைத் தூக்க ஆளில்லாமல், காய்ச்சல் விட்டிருக்கிற நாளைப் பார்த்து ஆட்கள் வந்து தூக்கினார்கள். "பறக்கிற பெரிசுக்குப் பயந்து ஓடி, பறக்கிற சின்னதிட்டப் பிள்ளையக் குடுத்தனான்" என்று அலியார் பின்னாளில் சொல்வதுண்டு. கலீல் அந்தக் காய்ச்சலில் அங்கேயே போய்விட்டான். சுக்கான் பிடிக்கப் பழகத் தொடங்கியிருந்த பிள்ளை.

மகனை அங்கே மண்ணில் அடக்கிவிட்டு மனிசன் குடும்பத்தோடு கிண்ணியாவுக்குத் திரும்பி வந்தார். குண்டு விழுந்தால் விழட்டும் என்று வந்தார். ஆனால் ஜெஸீமா காய்ச்சலையும் கொண்டுதான் வந்தாள்.

முந்திய காலமென்றால் இந்த மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து இருந்தது. கசப்புத்தான், காது இரையும்தான், ஆனால் ஆள் எழும்பிவிடும். அந்த வருசம் கொயினாவுக்கு எங்கே போவது? பட்டினத்து மருந்துச்சாலையில் மருந்து கலந்து கொடுக்கிற அப்போத்திக்கரி பாக்கியரத்தினம் நல்ல மனிசன். கொயினா யாவாவிலிருந்து வருவது, யாவா இப்போது யப்பான்காரன் கையில், இருக்கிற கொஞ்சத்தைத் தண்ணீர் விட்டுத்தான் கொடுக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கூடவே இன்னொன்றும் சொன்னார். கொயினாவுக்குப் பதிலாக, விழுங்குகிற மாத்திரையாகப் புதுக் குளிசை ஒன்று செய்திருக்கிறார்களாம். முதலில் பட்டாளத்துக்கும் கடற்படைக்கும் போகுதாம். பிறகு எங்களுக்கும் வரும். வரும் அலியார், வரும் என்றார்.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அலியார் அந்த மாரி முழுக்கத் தோணி விட்டார். விறகை இறக்கியதும் நேரே மருந்துச்சாலைக்குத்தான் ஓட்டம். இன்னும் வரவில்லை என்பார் பாக்கியரத்தினம். வீட்டுக்கு வந்தால் ஜெஸீமா பாயில் கிடந்தபடியே, "வந்துட்டா?" என்பாள். எது என்று கேட்கத் தேவையில்லை. நாளைக்கு வருமாம் என்று சொல்லுவார். பொய்தான். ஆனால் அந்த நாளைக்கு என்ற சொல்லைக் கேட்டால் அவள் கொஞ்சம் கஞ்சி குடித்தாள். அவள் மூச்சடங்கி மவுத்தான அன்றைக்கும் மனிசன் மருந்துச்சாலை வாசலில்தான் நின்றார். அதற்குப் பிறகு காற்றையும் ஏசவில்லை, கடலையும் ஏசவில்லை. வாய்க்காரன் வாய் மூடிப்போனானே என்று ஊர் பயந்தது.

அடுத்த மாரி பிறந்தது. பல்கீஸுக்குக் காய்ச்சல் பிடித்தது.

இனி அலியாரின் நிலைமையை நான் விளக்கவேண்டியதில்லை. உலகத்தில் மிச்சம் என்று அவருக்கு இருந்தது அந்த ஒரு பிள்ளைதான். தூக்கித் தோணியில் போட்டுக்கொண்டு பட்டினத்துக்குப் போனார். மருந்துச்சாலைப் படியில் கால் வைக்கமுன்னே பாக்கியரத்தினம், குளிசை வந்துவிட்டது அலியார் என்றார், முகம் நிறையச் சிரிப்போடு.

அந்தச் சிரிப்புத்தான் வினை. ஒரு வருசம் மூடிக் கிடந்த வாய் அங்கே திறந்தது. என்ட மனிசி மண்ணுக்குள்ள போனாப்பிறகு கொண்டுவந்து நீட்டுறீங்களோ, இதச் செய்தவன் யார், கப்பலில ஏத்தினவன் யார், முந்திக் கொண்டுவந்தால் குடிமுழுகிப் போகுமோ என்று மருந்துச்சாலை அதிர ஏசினார். பாக்கியரத்தினம் பொறுத்துக்கொண்டு நின்று குளிசைகளைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்து, எப்படிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லத் தொடங்கினார். காய்ச்சல் விட்டாலும் குளிசையை விடக்கூடாது என்றதுவரை அலியார் கேட்டார். பிறகு பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். நில்லும் அலியார், இன்னொரு விஷயம் இருக்கு என்று பாக்கியரத்தினம் பின்னால் கூப்பிட்டது காதில் விழத்தான் செய்தது. அவருடைய கதையைக் கேட்டது போதும் என்று திரும்பிப் பார்க்காமலே போனார்.

குளிசை நல்ல குளிசை. சில நாளிலேயே குளிர் நின்றது, சூடு நின்றது, பிள்ளை எழும்பி முற்றத்துக் கோழியைத் துரத்தியது. அலியார் விடாமல் கொடுத்துக்கொண்டே வந்தார். இப்படியே போயிருந்தால் கதையும் இல்லை, ஒன்றும் இல்லை.

பக்கத்து வளவில் இருந்தவள் அலியாரின் கூடப்பிறந்த மூத்த ராத்தா சுபைதா. கைம்பெண். ஜெஸீமா போனபிறகு பல்கீஸுக்குத் தலை வாரி, சோறு ஊட்டி வளர்த்தது அவள்தான். ஒருநாள் காலையில் பிள்ளையை வெயிலில் இருத்திப் பேன் பார்த்தவள், அதன் கையை விரித்துப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். சட்டையை விலக்கி வயிற்றைப் பார்த்தாள். பிறகு தம்பியைக் கூப்பிட்டாள்.

பிள்ளை மஞ்சளாக இருந்தது. உள்ளங்கை மஞ்சள், உள்ளங்கால் மஞ்சள், நெற்றி மஞ்சள். மூத்திரமும் மஞ்சளாகப் போகுது என்றாள் சுபைதா.

"தம்பி, இது காமாலை. என்ட மனிசன்ட கை இப்படித்தான் இருந்த."

அவளுடைய புருசன் காமாலையில் போனவன். அந்த மஞ்சளை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தவள் அவள். அவள் சொன்னால் அலியார் நம்பாமல் என்ன செய்வார்? அந்தக் குளிசையின் நிறத்தைப் பார் என்றாள். அதுவும் மஞ்சள்தான். ஈரலை எரித்து மஞ்சளாக்குது, இன்னும் கொடுத்தால் பிள்ளை உனக்கில்லை என்றாள். அலியார் மிச்சக் குளிசையைக் கடதாசியோடு எடுத்துக்கொண்டு துறைக்குப் போய், பலம் இருக்குமட்டும் வீசிக் கடலில் எறிந்தார். எறியும்போது பாக்கியரத்தினத்தையும், செய்தவனையும், கப்பல்காரனையும் ஒருவர் விடாமல் ஏசினார்.

சுபைதா கீழ்க்காய்நெல்லி பிடுங்கி அரைத்து, ஆட்டுப்பாலில் கலந்து வெறும் வயிற்றில் கொடுத்தாள். உப்பில்லாக் கஞ்சி. எண்ணெய் இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரும் வந்தது. பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் குடித்தது. மஞ்சளும் மெல்ல மெல்லக் குறைந்தது. பார்த்தாயா தம்பி என்றாள் சுபைதா. அலியாரும் பார்த்தார், சந்தோசப்பட்டார். பாவம், இரண்டு பேரும் உண்மையாகவே சந்தோசப்பட்டார்கள்.

பிறகு ஒருநாள் காலையில் பிள்ளை குளிருது வாப்பா என்றது.

அந்தச் சொல்லைக் கேட்டதும் அலியார் வீட்டிலிருந்த போர்வையெல்லாம் இழுத்து வந்தார். போர்வைக்கு மேல் போர்வை போட்டும் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தது. கலீல் ஆடியதும் இப்படித்தான், ஜெஸீமா ஆடியதும் இப்படித்தான். மனிசனுக்கு ஒரு நினைப்புத்தான். குளிசை என்று நஞ்சைக் கொடுத்துப் பிள்ளைக்குக் காமாலையும் வரப்பண்ணி, காய்ச்சலையும் விட்டுவைத்தவனை நேருக்கு நேர் கண்டு கேட்கவேண்டும். பிள்ளையையே கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துக் கேட்கவேண்டும். கம்பளியால் சுற்றித் தோணியில் கிடத்திக்கொண்டு காற்றுக்குப் பாயை விரித்தார். சுபைதா கரையில் நின்று அழுதாள்.

குடா முழுக்க, பேசவேண்டியதைப் பேசிப் பேசிப் பழகிக்கொண்டே போனார். துறைமுகத்துக்குக் கிட்ட வர, கடற்படை லோஞ்சு ஒன்று, உள்ளே போக அனுமதிக்கிற பாஸைப் பார்க்கப் பக்கத்தில் அணைந்தது. மழை விட்டு வெயில் எறித்த நேரம். வெள்ளைக்காரப் பொடியன்மார் மேலில் சட்டையில்லாமல் நின்றார்கள். அலியார் பாஸை நீட்டினார், வழக்கம்போல ஏசவும் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. பாஸை வாங்கிய கை மஞ்சள். சுக்கான் பிடித்தவனின் நெஞ்சு மஞ்சள். சிகரெட் புகைத்துக்கொண்டு நின்றவனின் முகம், காது, கழுத்து எல்லாம் மஞ்சள். மஞ்சளாக நின்று ஒருவனை ஒருவன் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

லோஞ்சு போய்விட்டது. அலியார் பாயை மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காரனுக்கெல்லாம் ஒரேயடியாகக் காமாலை பிடித்துவிட்டதோ?

இறங்குதுறையில் கயிறு வாங்கிக் கட்டினவன் குலசிங்கம். கிளிவெட்டி ஆள், கடற்படைக் கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் மூட்டை தூக்குகிறவன், அலியாரைக் காக்கா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுகிற நெடுநாள் பழக்கம். அவனும் மஞ்சள். இரும்புப் பெட்டியொன்றை முதுகில் ஏற்றிக்கொண்டு போன மலையாளத்தான் மஞ்சள். நிழலில் குந்தியிருந்து பீடி பற்றவைத்த சிங்களவன் மஞ்சள். உனக்கும் காமாலையா என்று அலியார் கேட்டார். குலசிங்கம் விழுந்து விழுந்து சிரித்தான்.

"காமாலை எண்டால் நான் இந்த மூட்டையளத் தூக்குவனோ காக்கா? குளிசைதான். காலமை காலமை வரிசையில நிப்பாட்டி வாயில போடுறாங்கள். விழுங்கினாப்பிறகும் வாயத் திறந்து காட்டவேணும். எல்லாரும் இந்த நிறம்தான்."

நீ எத்தனை காலமாக இப்படி என்று கேட்டார் அலியார். மாசக்கணக்காக என்றான் அவன். மனிசி முதலில் பயந்து அழுதாளாம், இப்போது மாப்பிள்ளை மஞ்சள் பூசிக்கொண்டு வாறார் என்று பகிடி பண்ணுகிறாளாம். குளிசை தொடங்கினபிறகு ஒருநாளும் காய்ச்சல் காணவில்லையாம். காமாலை என்றால் கண் மஞ்சளாகும், இந்தா பாருங்கோ என்று கீழிமையை இழுத்துக் காட்டினான். முழி வெள்ளையாகத்தான் இருந்தது.

அலியார் குனிந்து கம்பளியை விலக்கி, இன்னும் முழுதாக மஞ்சள் தெளியாத முகத்தில் மகளின் இமையைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளை. மற்றக் கண்ணையும் பார்த்தார். அதுவும் வெள்ளை. பலகையில் அப்படியே இருந்துவிட்டார். ஏசுவதற்கு ஆள் தேடித் தேடி வந்தவர், கடைசியில் ஏசவேண்டிய ஆள் அதே தோணியில் சுக்கான் பிடித்து வந்திருப்பதைக் கண்டார்.

மருந்துச்சாலைக்குள் அலியார் நுழைந்ததும் பாக்கியரத்தினம் கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். இன்றைக்கும் அதிரப்போகுது என்று நினைத்திருப்பார். அலியார் பிள்ளையை மர வாங்கில் கிடத்திவிட்டு, நடந்ததைத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். கடலில் எறிந்ததையும் சொன்னார்.

"அதைச் சொல்லத்தானே அண்டைக்குக் கூப்பிட்டனான். நிறம் மாறும், பயப்பிடாதையும், கண்ணைப் பாரும் எண்டு."

"ஓம் ஐயா. நான் நிக்கல்ல."

அவ்வளவுதான் பேச்சு. பாக்கியரத்தினம் அலுமாரியைத் திறந்தார். குளிசை இருந்தது. அலுமாரிக் கதவு திறக்கிற அந்த நேரத்துக்குள் அலியார் எத்தனை தரம் யா அல்லாஹ் என்று றப்பைக் கூப்பிட்டார் என்பது அவருக்கே தெரியாது.

ஆனால் பிள்ளை விழுங்கமாட்டேன் என்றது. முதற் குளிசையை வாந்தி எடுத்துவிட்டது. அடுத்ததைப் பொடியாக்கிச் சீனியில் குழைத்துக் கொடுத்தால் பல்லைக் கடித்துக்கொண்டது. வாப்பா அன்றைக்கு நஞ்சு நஞ்சு என்று ஏசிக்கொண்டு கடலுக்குக் கொண்டுபோனதை அது கண்டிருந்ததே, எப்படி வாயைத் திறக்கும்? அலியார் கரண்டி விளிம்பில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்துத் தன் நாக்கில் வைத்தார். அப்படி ஒரு கசப்பை மனிசன் பிறந்தது முதல் கண்டதில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல், நல்லாயிருக்கு மகள் என்று சிரித்தார். பல்கீஸ் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள். விழுங்கி முடித்ததும், பொய் சொன்ன வாப்பா என்று அழுதாள். இந்தத் தரம் வாந்தி வரவில்லை.

இந்த முறை பாக்கியரத்தினம் சொன்னதையெல்லாம் அலியார் கைகட்டி நின்று கேட்டார். சொல்லி முடித்தபிறகும், வேறென்ன ஐயா, வேறென்ன ஐயா என்று கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அந்த மனிசன், வேறொன்றுமில்லை, போயிட்டு வாரும் என்று துரத்தவேண்டியதாயிற்று.

வீட்டில் சுபைதாவைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. கடற்படை முழுக்க மஞ்சள் என்று சொன்னால், வெள்ளைக்காரனுக்கு என்னவும் வரும், அவனைப் பார்த்து நீ பிள்ளையைச் சாகடிக்கப்போறியோ என்றாள். கண்ணைப் பார் ராத்தா என்றார். பார்த்தாள். தன் புருசனின் கண்ணை நினைத்திருப்பாள். பிறகு, சரி, ஆனால் கீழ்க்காய்நெல்லியும் கொடுப்பேன் என்றாள். கொடு, அதுவும் வயிற்றுக்கு நல்லதுதான் என்றார் அலியார். அந்த மனிசன் ஒரு சண்டையை விட்டுக்கொடுத்ததை ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

காய்ச்சல் மறுபடி ஒருமுறை பிடித்து ஆட்டியது. அடுத்த முறை வந்தபோது ஆட்டத்தில் பலமில்லை. அதற்கும் அடுத்த முறை வரவேண்டிய நாளில் அக்காவும் தம்பியும் தொழிலையும் விட்டு, சமையலையும் விட்டு, பாயின் இரண்டு பக்கமும் இருந்தார்கள். போர்வை தயார், சுடுதண்ணீர் தயார். குளிர் வருகிற நேரம் வந்தது. போனது. பல்கீஸ் போர்வையைக் காலால் உதைத்துத் தள்ளி, வேர்க்குது, ஏன் இரண்டு பேரும் என்னையே பார்க்கிறீங்க என்றாள். சுபைதா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடினாள். அலியார் வெளியே போய்த் தோணியடியில் நின்று, ஒரு வருசமாக ஏசாமல் விட்ட காற்றையெல்லாம் சேர்த்து ஏசினார். துறையில் நின்றவர்கள் அல்ஹம்துலில்லாஹ் என்றார்கள்.

பிள்ளை மறுபடி மஞ்சளாகியது, முந்தியதைவிட நன்றாக. இப்போது அது அலியாருக்குப் பெருமை. காய்ச்சல் கண்ட வீடுகளுக்கெல்லாம் அவளைத் தோளில் வைத்துக் கொண்டுபோய், கையை விரித்துக் காட்டு மகள், கண்ணைக் காட்டு என்பார். குளிசை எடுக்கப் பயந்தவர்களைத் தன் தோணியில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பாக்கியரத்தினத்திடம் விட்டார். சொல்லி முடிக்கமுன் எழும்புகிறவனைத் தோளைப் பிடித்து அமர்த்தி, இருந்து கேள் என்று ஏசினார். அப்படி ஏச்சு வாங்கிப் பிழைத்தவர்கள் கிண்ணியாவில் எத்தனையோ பேர்.

குளிசை முடிந்து நிறம் தெளியத் தொடங்கிய ஒரு பின்னேரம், வாசலில் தோணிக் கயிற்றின் சிக்கைப் பிரித்துக்கொண்டிருந்த வாப்பாவுக்குப் பக்கத்தில் வந்து பல்கீஸ் குந்தினாள். தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, உம்மாவுக்கும் இந்தக் குளிசை குடுத்திருந்தா, உம்மாவும் மஞ்சளாகியிருப்பாவா?"

அலியார் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். ஜெஸீமா நல்ல நிறம். மஞ்சளாகியிருந்தால் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று கத்தியிருப்பாள்.

"ஓம் மகள். மஞ்சளாகியிருப்பா. ஆனா இருந்திருப்பா."

பல்கீஸ் தலையை நிமிர்த்தினாள். வாப்பாவின் கண் கலங்கியிருப்பதை எட்டிப் பார்த்தாள். தன் சின்னக் கையால் அவர் முழங்காலைத் தட்டினாள்.

"நான் இருக்கிறன்தானே" என்றாள். பிறகு, பசிக்குது, மாமி இன்றைக்குச் சூடை மீன் பொரிக்கிறா, வாங்க சாப்பிடுவம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். அலியார் எழும்பி அவளுக்குப் பின்னால் போனார்.